தொட்டில் கொக்கி

உடையப்பனுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குள் காலை வைத்தாலும் முதலில் அண்ணாந்து தளத்தைத்தான் பார்ப்பார். வீட்டுக்காரர் முகமெல்லாம் அப்புறம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தலைக்கு மேலே ஓடும் ஒரு விரிசல் எங்கே போய் முடிகிறது என்று தேடிக்கொண்டிருப்பார். துக்க வீட்டிலும் இதே கதைதான். "மனுசன் செத்துக் கெடக்கான், இந்தாளு மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு" என்று அவர் பெண்டாட்டியே நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறாள். கீரனூர்ப் பக்கம் முப்பத்தைந்து வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டருக்குக் கண் வேறு எங்கே போகும்?

அப்படிப்பட்டவர் அண்ணாந்தே பார்க்காத வீடு ஒன்று இருந்தது. செவந்தி வீடு.

அதுவும் அவர் கட்டிய வீடுதான். கட்டி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. பொங்கலுக்கும் பத்திரிகை வைக்கவும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். போனால் தரையைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார், டீ டம்ளருக்குள் பார்ப்பார். பின்னறையில் காரை பெயர்ந்து விழுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் ஆளை அனுப்பாமல் அவரே வந்து, உதிர்ந்த இடத்தைத் தவிர வேறெங்கும் கண்ணை ஓட்டாமல் சுரண்டி, மேலே பூசி, வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் போனார். "உடையப்பண்ணன் மாதிரி மனுசன் கிடைக்குமா" என்று செவந்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவருக்குச் சாப்பிட்ட சோறு நெஞ்சிலேயே நின்றது.

மாசி மாதக் கடைசியில் செவந்தி போன் செய்தாள்.

"அண்ணே, வைஷ்ணவிக்கு வளைகாப்பு முடிஞ்சு கூட்டியாந்துட்டோம்ல. சித்திரைக் கடைசியில நாள் சொல்லிருக்காங்க. தூளி கட்டுறதுக்குப் பின்னறைக் கொக்கியைத் தொடைக்கலாம்னு பார்த்தா, கொக்கியைச் சுத்திப் பொத்துன்னு விழுந்துருச்சு. புதுசா ஒரு இன்ஜினியர் தம்பி வந்திருக்குல்ல, ரகுநாத்து, அதைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அது என்னடான்னா தளத்தையே மொத்தமா இடிச்சுட்டு வேற போடணும்ங்குது. வேலை புடிக்கிறதுக்காகச் சொல்லுதுண்ணே. நாளைக்கு அதையும் வரச் சொல்லிருக்கேன். நீங்களும் வாங்க. நேருக்கு நேர் பேசிப்பிடுவோம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் காலை அவர் போனபோது செவந்தியின் புருஷன் நாகராசு வழக்கம்போல் திருச்சி பஸ்ஸைப் பிடித்துக் கம்பெனிக்குப் போயிருந்தார். மகள் வைஷ்ணவி பின்னறைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே கொக்கி. உடையப்பன் வாசற்படியில் நின்று, அந்த அறையில் இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தளம் முழுவதையும் நன்றாக அண்ணாந்து பார்த்தார்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. தளத்தில் விரிசல் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. மூலையில் குறுக்கே ஓடுகிற மயிரிழை விரிசல் ஒன்றும் செய்யாது. வெள்ளையாகப் பூத்தால் மேலே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் இங்கே விரிசல்கள் ஒரு சாண் ஒரு சாண் இடைவெளி விட்டு, கோடு போட்ட நோட்டு மாதிரி, நேர்நேராக ஓடின. உள்ளே கம்பி எங்கெல்லாம் படுத்திருக்கிறதோ அங்கெல்லாம் விரிசல். விரிசல் நெடுகப் பழுப்புக் கறை. கொக்கியைச் சுற்றி ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் காரை வயிறு தள்ளி நின்றது. இவர் பூசிய பூச்சுதான் அதை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது.

"வைஷ்ணவி, எந்திரிச்சு ஹாலுக்கு வாத்தா" என்றார்.

"இங்கதான் மாமா காத்து வருது."

"பரவாயில்ல, வா. கட்டிலையும் ஹாலுக்கு எடுத்துருவோம்."

அவர் குரலைக் கேட்டு வைஷ்ணவி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்தாள். அதற்குள் ரகுநாத்தும் வந்துவிட்டான். இன்ஜினியரிங் படித்தவன், கீரனூரில் போர்டு வைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. உடையப்பனைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னான். மரியாதை தெரிந்த பிள்ளை. அதனால்தான் அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

உடையப்பன் கொண்டு வந்திருந்த நீளக் கம்பியை எடுத்து ஹால் தளத்தைத் தட்டினார். கணீர் என்றது. நாலு இடத்தில் தட்டினார், நாலு இடத்திலும் கணீர். பின்னறைக்குள் போய்த் தட்டினார். பொத் பொத் என்றது. தட்டிய இடத்திலிருந்து ஒரு வில்லை பெயர்ந்து, வைஷ்ணவி தலை வைத்துப் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. செவந்தி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மகள் பார்த்துவிடக் கூடாதாம்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள். "நீங்க கட்டுன வீடு. உங்களுக்குத் தெரியாததா? பூசி, ஒரு நல்ல கொக்கியா மாட்டுனா நிக்கும்ல?"

உடையப்பன் வாயைத் திறக்குமுன் ரகுநாத் பேசினான்.

"ஐயா வேலையைக் கொறை சொல்லலீங்கக்கா. இருபத்தாறு வருசம் ஆச்சு. கம்பிக்கு வயசாயிருச்சு. பழைய தளம்னா அவ்வளவுதான் ஆயுசு. பின்னாடி போயிருச்சுன்னா முன்னாடியும் இன்னும் ரெண்டு மூணு வருசத்துல போயிரும். ஒரே நாள்ல போட்ட தளம்தானே. மொத்தமா இடிச்சுப் போட்டுட்டா கவலை விட்டுச்சு."

உடையப்பனுக்கு முதுகில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. வயசாகிவிட்டது. அவ்வளவுதான். யார் மேலும் தப்பில்லை. பிள்ளையாண்டான் தானாகவே வழி திறந்துவிட்டான், தலையை ஆட்டினால் போதும். பாழான தளத்துக்கு அடியில் யாரும் படுக்கப் போவதில்லை, அவர் பெயருக்கும் பழுதில்லை.

"ஆமா. இடிக்கத்தான் வேணும்" என்றார்.

செவந்தியின் முகம் தொங்கிப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"மொத்தத்தையுமா? ஹாலு, அடுப்படி எல்லாத்தையுமா? நீங்களும் இப்படிச் சொல்றீங்களேண்ணே. அப்ப பிரசவத்தை எங்க வச்சுப் பார்ப்பேன்? வளைகாப்பு அன்னைக்கே அவ மாமியா, 'உங்க வீடு பழசு, தலைப்பிரசவத்தை நாங்களே பார்த்துக்கிறோம்'னு பந்தியில வச்சுச் சொல்லுச்சு. எங்க வீட்டுக்கு என்ன கொறைச்சல்னு வீராப்பாப் பேசிக் கூட்டியாந்தேன். இப்ப கூரையில்லாத வீட்டுல வச்சுக்க முடியலைன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திருப்பிக் கொண்டுபோய் விடுவேன்?"

ரகுநாத் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வைஷ்ணவி, "விடும்மா, போய்க்கிறேன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெண் முதல் பிள்ளையைப் பெறத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டு, நிறை வயிற்றை ஏந்திக்கொண்டு திரும்பிப் போவதென்றால் அது சின்ன விஷயமில்லை. அந்த மாமியார் செத்தாலும் அந்தப் பேச்சு சாகாது.

உடையப்பன் ஹால் தளத்தை அண்ணாந்து பார்த்தார். கணீரென்ற தளம். இன்னும் முப்பது வருஷம் நிற்கும். அது நிற்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சும்மா இருந்தால் ஒரு நல்ல தளத்தை இடித்துத் தெருவில் கொட்டுவார்கள். பேசினால் முப்பத்தைந்து வருஷப் பேர் தெருவுக்கு வரும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். தளத்துக்கு அடியில் அடிக்கிற இரும்புத் தகட்டில் அளவு குறிப்பதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்தார். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே இருக்கிற குறுக்குச் சுவரை ஒட்டி, ஹால் தளத்தில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு இருக்கிறதை இடிங்க. இங்கிட்டுத் தொட வேண்டாம். வைஷ்ணவி இங்கிட்டே இருக்கலாம். இடிக்கிற நாலு நாள் மட்டும் பக்கத்து வீட்டுல தூசி படாம வச்சுக்கங்க."

ரகுநாத் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அதெப்படிங்கய்யா, ஸ்கேல் வச்ச மாதிரிக் கோடு போடுறீங்க? ஒரே கலவை, ஒரே கம்பி."

"உளியை எடு. கோட்டுக்கு அங்கிட்டு ஒரு எடம், இங்கிட்டு ஒரு எடம் கொத்திப் பாரு."

கொத்தினான். அங்கிட்டு இரண்டே அடியில் காரை பெயர்ந்தது. கம்பி, கம்பியாக இல்லை. அப்பளம் மாதிரிப் பொரிந்து கையோடு வந்தது. இங்கிட்டு அவன் வேர்க்க வேர்க்கக் கொத்த வேண்டியிருந்தது. உள்ளே கம்பி நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருந்தது. அதற்குக் கீழே தீப்பெட்டி அகலத்தில் ஒரு சதுரச் சிமெண்டுக் கட்டி, கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கவர் பிளாக்" என்றான் ரகுநாத். அங்கிட்டுப் போய் இன்னும் மூன்று இடத்தில் கொத்தினான். "இங்க ஒன்னைக்கூடக் காணோம்."

"இருக்காது" என்றார் உடையப்பன். ஸ்டூலை விட்டு இறங்கி, செவந்திக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "செவந்தி, கான்கிரீட் போடுறப்ப கம்பி தகட்டுல ஒட்டிப் படுத்துரக் கூடாது. அதுக்காகத்தான் அந்தக் கட்டியைக் கீழ வைக்கிறது. வச்சாத்தான் கம்பிக்குக் கீழ ஒரு இஞ்சுக்காவது காரை நிக்கும், துரு ஏறாது. உன் வீட்டுக்குத் தளம் போட்ட அன்னைக்கு அந்தக் கட்டிங்க கெடந்த சாக்கு வேற எடத்துல மாட்டிக்கிச்சு. எடுத்தாரப் போனவன் வண்டி பஞ்சரு. நான் காத்திருக்கணும். காத்திருக்கல. பின்னறையில இருந்து ஆரம்பிச்சுட்டேன். கம்பியைக் கையால தூக்கித் தூக்கி விடச் சொன்னேன். இருபது பேரு மிதிக்கிற கம்பி எவ்வளவு நேரம் தூக்குன எடத்துல நிக்கும்? சாக்கு வந்தப்ப வேலை இந்தக் கோட்டுக்கு வந்திருந்துச்சு. இதுக்கு மேல எல்லாத்துலயும் ஒழுங்கா வச்சேன். இது வயசாகிப் போன தளமில்ல. நான் கெடுத்த தளம்."

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"ரெண்டு தடவை வந்து பூசிட்டுப் போனீங்களே" என்று கடைசியில் செவந்தி கேட்டாள். "அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"கூலி வேணாம்னீங்களே. அதுக்காகத்தானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்புள்ள பொறந்ததுல இருந்து இதுக்குக் கீழதான் படுத்து எந்திரிச்சா." செவந்தி எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலை. "நாளைக்கு அவ புள்ளையையும் இங்கதான் தொங்கவிட்டிருப்பேன். போங்கண்ணே. இனிமே இங்கிட்டு வராதீங்க."

போய்விட்டார். பாதி வழி போன பிறகுதான் தன் கம்பியை அங்கேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

ஒன்று மட்டும் அவர் சொல்லவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். ஆறு மாத வயிற்றோடு செவந்தி கீழே நின்றுகொண்டு, "அண்ணே, பத்தரைக்கு முன்னாடி மொத சட்டி கலவை விழுந்துறணும், வயித்துல புள்ளையோட இருக்கேன்" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுத்தாள். கலவை மிஷினைப் போட்டுவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. பத்து நிமிஷத்தில் சாக்கு வந்துவிடும் என்று நம்பி, பத்து இருபத்தைந்துக்கு மிஷினைப் போடச் சொன்னார். இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பழி அவள் தலையில் ஏறியிருக்கும். ஆனால் நேரம் கேட்பது வீட்டுக்காரி வேலை, முடியாது என்று சொல்வது மேஸ்திரி வேலை. அதனால் மென்று முழுங்கிவிட்டார்.

ஊருக்குச் சங்கதி எட்ட இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவரிடம் வீடு கட்டியவர்கள் எல்லாம் போன் செய்தார்கள். "எங்க வீட்டுக்குச் சாக்கு வந்துச்சா மேஸ்திரி?" என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தார்கள். உடையப்பன் சிரிக்கவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் வேறொரு கம்பியோடு போய்த் தட்டிக் காட்டிவிட்டு வந்தார். எல்லாம் கணீரென்றுதான் இருந்தன. ஆனாலும் பேசி வைத்திருந்த இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டார். ராத்திரிச் சோறு மட்டும் முன்னைவிட ஒழுங்காக இறங்கியது.

செவந்தி வீட்டு வேலை ரகுநாத்துக்குப் போயிற்று. குறுக்குச் சுவரின் மேலேயே வெட்டி, பின்பக்கத்தை மட்டும் இடித்து, தகடு அடித்து, கம்பி கட்டினான். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை தளம் போட நாள் குறித்தார்கள். மறுபடியும் வெள்ளிக்கிழமை. காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கிறவர்களுக்கு வேறு கிழமை கிடைக்காதுபோல.

அன்று காலை உடையப்பன் ஸ்கூட்டரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றார். கவர் பிளாக். தன் கையால் வார்த்து, ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தவை. அவர் அந்தக் காலத்து மனுஷன். இப்போது அது கடையிலேயே விற்கிறது, ரகுநாத் என்றைக்கோ வாங்கி வைத்துவிட்டான் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யாமல் இருக்க முடியவில்லை.

வைஷ்ணவிதான் முதலில் பார்த்தாள். "ஏன் மாமா வெயில்ல நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க."

செவந்தி திரும்பிப் பார்த்தாள். கையில் முதல் கலவைக்கு மஞ்சள் பூசிய சட்டி.

"வேலை கேட்டு வரல செவந்தி" என்றார். "கம்பியை ஒரே ஒருக்கப் பார்த்துட்டுப் போயிர்றேன்."

செவந்தி ரகுநாத்தைப் பார்த்து, "பார்த்துட்டுப் போகட்டும்" என்று அவனிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

ஏணியில் ஏறினார். பையன் நன்றாகத்தான் செய்திருந்தான். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கட்டி. கம்பி இழுத்துக் கட்டின வீணைத் தந்தி போல நின்றது. கால் படாத இடமாகப் பார்த்து நடந்து, நடுவே கொக்கி கட்டியிருந்த இடத்துக்கு வந்து குந்தி உட்கார்ந்தார். கொக்கியைக் கட்டவும் வயர் பைப்பு ஓட்டவும் ஏறினவர்கள் மிதித்ததில் அங்கே கட்டிகள் எகிறிப்போய்க் கிடந்தன. ஒரு பாய் அகலத்துக்குக் கம்பி தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. தூளி தொங்கப்போகிற இடம்.

கீழே கலவைக்காரர்கள் கயிற்றைச் சுற்றி மிஷினைக் கிளப்பத் தயாராக நின்றார்கள்.

"மிஷினைப் போடாதீங்க!" என்று உடையப்பன் மேலிருந்து கத்தினார். "கொக்கிகிட்ட கம்பி படுத்திருக்கு. சாக்கை மேல அனுப்புங்க!"

ரகுநாத் ஓடி ஏறி வந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தான். "ஐயா, மணி பத்து இருபத்திரண்டு. பத்தரைக்கு முன்னாடி ஆரம்பிச்சிரணும்னு அக்கா சொல்லிருக்காங்க. இதைச் சரி பண்ண முக்கால் மணி நேரமாவது ஆகுமே."

எல்லோரும் செவந்தியைப் பார்த்தார்கள். மஞ்சள் சட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. மேலே குந்தியிருக்கிற மனிதரையும், பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிற மகளையும் பார்த்தாள். பத்து இருபத்திரண்டு. ஆறு மாத வயிற்றோடு இதே இடத்தில் நின்று தான் மேலே பார்த்துக் கத்தியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியதை மேலிருந்தே உடையப்பனால் பார்க்க முடிந்தது.

"அன்னைக்கு அவசரப்படுத்துனது நான்தானேண்ணே" என்றாள். "அவ்வளவு பேசுனேன். திருப்பி ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"காத்திருக்க வேண்டியது என் வேலை, ஆத்தா."

செவந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சட்டியை மணல் குவியல் மேல் வைத்தாள். கலவைக்காரர்கள் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ராகு காலம் வந்தா வந்துட்டுப் போகுது. அண்ணன் எறங்கி வர்ற வரைக்கும் ஒருத்தரும் மிஷின்ல கை வைக்காதீங்க. அந்தச் சாக்கை மேல ஏத்துங்க."

உடையப்பன் ஒவ்வொரு கம்பியாகத் தூக்கி, கட்டியை அடியில் செருகி, கட்டுக்கம்பியால் முறுக்கினார். அவசரப்படவில்லை. கொக்கியைக் கழற்றி, இரண்டு கம்பிக்கும் சேர்த்து மறுபடி கட்டினார். தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, செவந்தியிடம் சட்டியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் சட்டி விழும்போது மணி பதினொன்று பத்து. நட்ட நடு ராகு காலம்.